‘அண்ணாச்சி’ என்று நாங்கள் அழைத்த அக்கா: நெல்லைத் தொழில்நுட்பக் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

இதில் வரும் யாருக்கும் பெயர் இல்லை. ஊர், தொழில் ஆகிய அடையாளங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எழுதும் நான் பாளையங்கோட்டையில் கணினி பழுதுபார்ப்பவன். இந்தக் குழுவின் நிர்வாகிகளில் ஒருவன். நடந்த தவறுகளில் என் பங்கு சிறியதல்ல. ஆகவே ஓரமாக நின்று பார்த்தவன் போல இதை எழுத எனக்கு உரிமை இல்லை. நிகழ்வின் மையத்தில் இருக்கும் பெண் வரைவைப் படித்துத் திருத்தம் சொல்லி, சம்மதித்த பிறகே இது வெளியாகிறது.

பின்னணி

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அதே மாதத்தில்தான் எங்கள் டெலிகிராம் குழுவும் தொடங்கியது. மாவட்டம் இரண்டானாலும் குழு பிரியவில்லை. சங்கரன்கோவில்காரரும் வள்ளியூர்காரரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பிரிண்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நிர்வாகிகள் மூவர்: நான், ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர், சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் ஓர் இளைஞர். மூவரும் ஆண்கள் என்பது அன்று எங்கள் கண்ணில் படவே இல்லை.

ஊரடங்குக் காலத்தில் ஆள் பெருகியது. 2022 நடுவில் 640 பேர் இருந்தார்கள். பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளம் ஏற்றுவது, ரவுட்டர், சிசிடிவி, பைத்தான் நிரல்மொழி, இ-சேவை மையத்தின் கைரேகைக் கருவி, தமிழ் எழுத்துரு என்று பேச்சு ஓடும். பாதிப் பேர் மாணவர்கள். மற்றவர்கள் கடைக்காரர்கள், ஆசிரியர்கள், இ-சேவை மையம் நடத்துபவர்கள். இந்தக் கடைசி வகையில் எங்கள் பக்கம் பெண்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள தட்டச்சுக் கடைகளில் மனு அடிக்கக் காத்து நின்றவர்களுக்கு அது தெரியும். வேலை நடக்கும் இடத்தில் பெண் இருக்கிறார். வேலையைப் பற்றிய பேச்சு நடக்கும் இடத்தில் மட்டும் இல்லை. இந்த முரணை மூன்று ஆண்டுகளாக நாங்கள் எவரும் யோசித்ததில்லை.

குழுவின் பேச்சுமுறை பற்றி ஒரு வார்த்தை. கேள்விகள் பெரும்பாலும் “அண்ணாச்சிகளே, ஒரு சந்தேகம்” என்று தொடங்கும். வாக்குவாதம் சூடானால் ‘லே’ வந்துவிடும். இரண்டும் எங்கள் ஊரின் சொத்து. வெளியூர் போனால் இவற்றைக் கேட்காமல் காது ஏங்கும். அழைப்பே ஆண்களை நோக்கித்தான் என்பது அழைக்கிறவனுக்குத் தெரிவதில்லை.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய குறையும் அல்ல. நிரலாளர்கள் சந்தேகம் கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2022-ல் நடத்திய கருத்துக்கணிப்பில் பங்கேற்றவர்களில் பெண்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேர்தான். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளம் 2017-ல், யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறமூல நிரல்களின் பங்களிப்பாளர்களிடம் எடுத்த கணக்கில் நூற்றுக்கு 3. இந்த எண்களை நானே குழுவில் ஒருமுறை பகிர்ந்து, “உலகமே இப்படித்தான்” என்று எழுதியிருக்கிறேன். ஆறுதலாக எழுதினேன். இப்போது படித்தால் அது கைகழுவலாகத் தெரிகிறது.

நடந்தது: 2020 முதல் ஆகஸ்ட் 2022 வரை

குழுவில் ஒரு கணக்கு இருந்தது. இரண்டு முதலெழுத்துகளும் ஓர் ஆண் பெயரும். அதிகம் பேசாது; பேசினால் அத்துடன் அந்த விவாதம் முடிந்துவிடும். 2021-ல் ஒருவர், வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றினால் எல்லாம் குழம்புகிறது என்று புலம்பினார். இந்தக் கணக்கிலிருந்து வந்த பதிலை இன்றும் குழுவின் மேலே பொருத்தி வைத்திருக்கிறோம்.

அதன் சாரம் இது. பழைய எழுத்துருக்களில் ‘கொ’ என்பதை ஒற்றைக்கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடித்திருப்பார்கள். யூனிகோடில் முதலில் க, அதன் பிறகே ஒகரக் குறி. எனவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும். அங்கே ஒரு குழி இருக்கிறது. ஔகாரக் குறியின் வலப்பாதியும் ள என்ற எழுத்தும் ஒரே உருவம். கவனமில்லாத மாற்றி ‘வெளியீடு’ என்ற சொல்லைப் பார்த்ததும் கொம்பு, வ, ள மூன்றையும் சேர்த்து ‘வௌ’ ஆக்கிவிட்டு, எஞ்சிய இகரக் குறியை அந்தரத்தில் தொங்கவிடும். இணையத்தில் ‘வௌியீடு’ என்ற பிழை இவ்வளவு மண்டிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். ள-வுக்குப் பின் இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ள-வேதான் என்று ஒரு விதி சேர்த்தால் பெரும்பாலான இடங்கள் சரியாகும். பதிலோடு பைத்தானில் நாற்பது வரி நிரலும் இருந்தது. “அண்ணாச்சி, நீங்கள் தெய்வம்” என்று எழுதியவர்களில் நானும் ஒருவன்.

2022 ஆகஸ்டில் பாளையங்கோட்டையில் நேரடிச் சந்திப்பு வைத்தோம். எழுத்துருப் பதில் எழுதியவரைப் பேச அழைத்தேன். “வருகிறேன்” என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது.

வந்தவர்கள் இருவர்: முப்பதைத் தாண்டிய ஒரு பெண், அவருடைய தம்பி. சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்கள். நாங்கள் தம்பியை வரவேற்று, முன்னால் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, “வானவில் நிரலை எப்படி எழுதினீர்கள்?” என்று கேட்டோம். அவர் சங்கடப்பட்டு அக்காவைக் கைகாட்டினார். கணக்கு தம்பியின் எண்ணில் இருந்தது. எழுதியது எல்லாம் அக்கா. தட்டச்சுக் கடையும் இ-சேவை மையமும் சேர்த்து நடத்துபவர். பைத்தான் தானாகக் கற்றுக்கொண்டது.

சிரிப்பு எழுந்தது; அதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவர் இருபது நிமிடம் தெளிவாகப் பேசினார். அதன் பிறகு வந்த கேள்விகளை வீட்டுக்குப் போய்க் குறித்து வைத்தேன். “இதை நீங்களே எழுதினீர்களா?”, “எந்தக் கல்லூரி?”, “வீட்டுக்காரர் இந்தத் துறையா?” நிரலைப் பற்றி வந்தது ஒரே ஒரு கேள்வி. அதே மாலையில் பேசிய ஓர் இளைஞரிடம் யாரும் கல்லூரி கேட்கவில்லை. அவர் படிப்பைப் பாதியில் விட்டவர்.

இங்கே தமிழைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செய்தேன், பார்த்தேன் என்ற தன்மை வினையில் ஆண், பெண் தெரியாது. அவர் சொன்னார் என்ற மரியாதை வடிவத்திலும் தெரியாது. ஆகவே அவர் எந்தப் பொய்யும் சொல்லாமலே இரண்டு ஆண்டுகள் எங்களோடு பேச முடிந்தது. ‘அண்ணாச்சி’ நாங்கள் சேர்த்த சொல். சந்திப்புக்கு அடுத்த வாரம் குழுவில் அவரைக் குறித்துப் பேசியவர்களின் வினைமுற்றைப் பாருங்கள்: “அந்தப் பிள்ளை சொல்கிறது”, “அது எழுதிய நிரல்”. பிரியமாகத்தான் சொன்னார்கள். ஆனால் இரண்டு ஆண்டுகள் உயர்திணையில் இருந்தவர் ஒரே வாரத்தில் அஃறிணைக்கு இறங்கியிருந்தார்.

வெளியேற்றம்: செப்டம்பர் 2022

அவருக்குத் தனிச்செய்திகள் தொடங்கின. எங்களுக்குப் பின்னால் தெரிந்த கணக்குப்படி முதல் வாரத்தில் 14 பேர். பத்துப் பேருக்கு மேல் வாழ்த்தும் சந்தேகமும்தான். மூன்று பேர் பதில் இல்லாமலே தொடர்ந்து எழுதினார்கள். அதில் ஒருவர் குழுவின் தூண்: நெட்வொர்க் கேள்வி என்றால் நள்ளிரவிலும் பதில் சொல்பவர், குழுவில் ஒரு தவறான சொல் பேசாதவர். அவர் முதலில் நிரலைச் சீராக்கித் தருவதாக எழுதினார். பிறகு படம் கேட்டார். பிறகு கடைப் பலகையிலிருந்த எண்ணுக்கு அழைத்தார். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்ன பிறகும் அழைத்தார்.

இதே நாட்களில் குழுவில் இன்னொருவர் ‘வெளி’, ‘வௌி’ குழப்பம் எப்படி வருகிறது என்று அக்காவுக்கே விளக்கினார். மூன்று நீண்ட செய்திகள். மேலே பொருத்தியிருந்த பதிலைப் படித்துவிட்டுத்தான் விளக்கினாரா என்பது தெரியாது. அக்கா “நன்றி” என்று எழுதினார். குழுவில் அவர் எழுதிய கடைசிச் சொல் அது.

செப்டம்பர் நடுவில் வெளியேறிவிட்டார். ஒன்பது நாட்கள் எவரும் கவனிக்கவில்லை. யாரோ ஓர் எழுத்துருக் கேள்வி கேட்டு, பதில் வராமல் கிடந்தபோதுதான் தெரிந்தது.

நான் செய்த முதல் காரியம், அவருடைய தம்பிக்குப் போன் போட்டது. அக்கா ஏன் போய்விட்டார் என்று தம்பியிடம் கேட்டேன். “அக்காவிடமே கேளுங்கள் சார்” என்றார். நியாயமான பதில். கேட்டேன். அக்கா அரை மணி நேரம் பேசினார். கோபம் இல்லை, அலுப்பு இருந்தது. தூணாக இருந்தவர் தன் செய்திகளை இரண்டு பக்கமும் அழித்திருந்தார். டெலிகிராமில் தனி உரையாடலில் ஒருவர் நினைத்தால் மற்றவர் பக்கத்திலும் செய்தியை நீக்கிவிடலாம். அக்கா முன்யோசனையாக நான்கைந்து ஸ்கிரீன்ஷாட்களை எடுத்து வைத்திருந்தார். இல்லையென்றால் எங்களிடம் ஒன்றுமே இருந்திருக்காது. நாங்களும் நம்பியிருக்க மாட்டோம் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

எண்ணிப் பார்த்தோம்

மூவரும் உட்கார்ந்து, சந்திப்புக்கு முந்திய மாதமான 2022 ஜூலையின் செய்திகளை முழுவதும் படித்தோம். பெண் பெயருள்ள கணக்குகள் ஏறத்தாழ 70. அந்த மாதம் வாய் திறந்தவை 6. கேட்ட கேள்விகள் 9; பதிலே இல்லாதவை 4. ஆண் பெயரில் வந்த கேள்விகள் 118. பதில் இல்லாதவை 13.

இதை வைத்து உடனே தீர்ப்பு எழுதக் கூடாது. ஒன்பது என்பது சின்ன எண். தவிர, பதில் இல்லாத நான்கில் மூன்று, பிற்பகல் இரண்டுக்கும் நான்குக்கும் இடையே வந்தவை. எங்கள் குழு விழிப்பது இரவு பத்துக்கு. பகலில் கேட்ட கேள்வி அதற்குள் பழங்கதையாகி மேலே போயிருக்கும். ஆனால் பிற்பகலில் கேட்பவர்கள் யார்? வீட்டு வேலை ஓய்ந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்கு முன் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் கணினியைத் தொடுபவர்கள். நேரம் பார்த்துப் புறக்கணித்தாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

பெண்களிடம் பேச எங்களில் பெண் இல்லை. குழுவில் மௌனமாக இருந்த ஒரு கல்லூரி விரிவுரையாளர் இசைந்து, 11 பேரிடம் பேசினார். அவர் கொண்டுவந்தது எங்கள் கற்பனையோடு ஒத்துப்போகவில்லை. அந்தப் பெண்கள் வெட்கப்படவும் இல்லை, ஆர்வமில்லாமலும் இல்லை. ஏழு பேர் தினமும் குழுவைப் படிக்கிறார்கள். நான்கு பேர் தங்கள் கேள்வியைக் கணவர் அல்லது அண்ணன் கணக்கில் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். மூன்று பேர், தெரிந்த ஒரே ஒருவரிடம் தனியாகக் கேட்பார்கள். அந்தப் பதில் அவர்களோடு முடிந்துவிடும், குழுவுக்கு வராது. எங்கள் கணக்கில் ‘ஆண் கேள்வி’ என்று எண்ணிய 118-ல் எத்தனை உண்மையில் ஆணுடையவை என்பதே இப்போது சந்தேகம். ‘அண்ணாச்சிகளே’ பற்றிக் கேட்டபோது ஒருவர் சொன்னாராம்: “தெரியாமல் சலூனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டது போல இருக்கும். யாரும் விரட்டவில்லைதான். ஆனாலும் தலையை இழுத்துக்கொள்வோம்.”

முதல் முடிவும் அதன் தோல்வியும்: அக்டோபர் – டிசம்பர் 2022

அவசரத்தில் பெண்களுக்கென்று தனிக் குழு தொடங்கினோம். சுலபமான வழி, எங்கள் பழக்கம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. 31 பேர் சேர்ந்தார்கள். விரிவுரையாளர் பொறுப்பேற்றார். பெரிய குழுவில் ஒருவர், “மகளிருக்குத் தனி பஸ் விட்டாயிற்று” என்று நகைத்தார். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதைத் தொட்டு.

டிசம்பருக்குள் அந்தக் குழு அடங்கிவிட்டது. காரணம் கடினமானதல்ல. மூன்று ஆண்டுகளின் பதில்கள், பதில் சொல்பவர்கள், பழைய உரையாடல்கள் எல்லாம் பெரிய குழுவில் இருந்தன. புதிய குழுவில் கேள்வி விழுந்தால் விரிவுரையாளர் அதைப் பெரிய குழுவுக்குச் சுமந்து போய், பதிலைத் திருப்பிச் சுமந்து வருவார். இரண்டு மாதத்தில் அவர் களைத்துவிட்டார்.

தனி இடமே தவறு என்று நான் சொல்லவில்லை. 1998-ல் தொடங்கிய லினக்ஸ்சிக்ஸ் என்ற பெண்கள் அமைப்பு அப்படித்தான் பலரைத் தாங்கியது. அங்கே பதில் சொல்லும் மூத்தவர்களும் உள்ளேயே இருந்தார்கள். நாங்கள் ஓர் அறையைக் கட்டி, நூலகத்தை வெளியே விட்டுவிட்டோம்.

இரண்டாம் சுற்று: ஜனவரி 2023

விரிவுரையாளரை நிர்வாகியாக அழைத்தோம். “பெயருக்கு இருக்க மாட்டேன். யாரையும் கேட்காமல் ஆளை நீக்கும் அதிகாரம் வேண்டும். என்னோடு இன்னொரு பெண்ணும் வேண்டும்” என்றார். இரண்டையும் ஒப்புக்கொண்டோம். நிர்வாகிகள் ஐவர் ஆனோம். அடுத்த முடிவுகளில் பாதி அவர்களுடையவை.

முதலாவது, தனிச்செய்தி. குழுவில் வெளிப்படையாகக் கேட்டுச் சம்மதம் வாங்காமல் எவரும் எவருக்கும் தனியாக எழுதக் கூடாது. ஒரு முறை எச்சரிக்கை, மறுமுறை நீக்கம். உறுப்பினர் பட்டியலை மறைத்தோம். பேசுபவரை அது மறைக்காது என்றாலும், பெயர்களைப் பார்த்து வலைவீசுவதை அது தடுக்கும். எண்ணை யாருக்கும் காட்டாமல் வைக்கும் அமைப்பை எப்படி மாற்றுவது என்று படம் போட்டு மேலே பொருத்தினோம்.

‘நாலு செய்திக்கு இவ்வளவா?’ என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு 2006-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனையைச் சொன்னோம். அரட்டை அறைகளில் ஆண் பெயரிலும் பெண் பெயரிலும் தானியங்கிக் கணக்குகளை விட்டு, ஒன்றும் பேசாமல் இருக்க வைத்தார்கள். பெண் பெயர்களுக்கு வந்த தீய செய்திகள் ஆண் பெயர்களுக்கு வந்ததைப்போல 25 மடங்கு. வாய் திறக்காத பெயருக்கே அந்தக் கதி.

இரண்டாவது, தூணை நீக்குவது. இதில்தான் நாங்கள் உடைந்தோம். ஐவரில் மூவர் நீக்கலாம் என்றோம். இருவர், எச்சரித்து வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எதிர்த்தவர்களில் ஒருவர் பாலிடெக்னிக் ஆசிரியர். மற்றவர் புதிதாக வந்த பெண் நிர்வாகி. பெண்கள் எல்லாரும் ஒரே பக்கம் நிற்பார்கள் என்று நாங்கள் எதிர்பார்த்ததும் ஒரு பிழைதான். “அவர் போனால் நெட்வொர்க் கேள்விக்குப் பதில் யார் சொல்வது?” என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருந்தது. பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் தொழில் செய்யும் உறுப்பினர் ஒருவர், விருப்பமில்லை என்று தெரிவித்த பெண்ணை மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வது 2013 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் 354டி பிரிவின்படி குற்றம் என்று விளக்கினார். (இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு.) அக்கா காவல் நிலையம் போக விரும்பவில்லை, அது அவர் முடிவு. நாங்கள் நீக்கினோம். காரணத்தைக் குழுவில் இரண்டு வரியில் சொன்னோம், பெயர் சொல்லாமல். பெயர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாவது, பிற்பகல் முறை. தினமும் இரண்டு முதல் நான்கு வரை ஒருவர் குழுவைப் பார்த்துக்கொள்வார். பதில் தெரியாவிட்டாலும் ‘இரவுக்குள் கேட்டுச் சொல்கிறோம்’ என்றாவது எழுதிவைப்பார். எழுத்துரு, பிரிண்டர், நிரல் என்று தலைப்புவாரியாகக் குழுவைப் பிரித்தோம், கேள்வி மூழ்காது. இதற்கு எந்த எதிர்ப்பும் இல்லை. எல்லா முடிவுகளிலும் அதிகப் பலன் தந்தது இதுதான் என்பது என் எண்ணம். விதி எழுதுவதில் எங்களுக்கு இருந்த உற்சாகம் இந்த அலுப்பான வேலையில் இல்லை.

நான்காவது, கேள்விப் பெட்டி. பெயர் வெளியிட விரும்பாதவர் நிர்வாகிக்கு அனுப்பினால் பெயரில்லாமல் குழுவில் இடுவோம். முதல் மாதம் 19 கேள்விகள் வந்தன. அவற்றில் 11 ஆண்களுடையவை. ‘இது கூடத் தெரியாதா’ என்ற பேச்சுக்கு அஞ்சியவர்கள் அவர்கள். அந்தப் பேச்சு யாரையெல்லாம் ஊமையாக்கி வைத்திருந்தது என்பதை அன்றுதான் பார்த்தோம்.

ஐந்தாவது, சந்திப்பு. ஞாயிறு மாலை ஆறு மணி என்பது எங்களுக்கு வசதி. முன்னீர்பள்ளம் தாண்டி ஊர் திரும்ப வேண்டிய பெண்ணுக்கு அல்ல. ஞாயிறு காலைக்கு மாற்றலாம் என்றோம். “கறிக்குழம்பை நீங்கள் வைப்பீர்களா?” என்று ஒருவர் கேட்டார். சனிக்கிழமை பிற்பகல் என்று முடிவானது. பேசுபவர்களைத் தேடும்போது ‘விருப்பமுள்ளவர் பெயர் கொடுங்கள்’ என்று பொதுவாக அறிவிப்பதை விட்டுவிட்டு, ஆளைப் பார்த்து நேரடியாகக் கேட்பது என்றும் வைத்துக்கொண்டோம். அமெரிக்காவில் பைத்தான் நிரலாளர்கள் கூடும் பைகான் மாநாட்டில் 2011-ல் நூற்றுக்கு ஒன்றாக இருந்த பெண்களின் உரைகள் 2014-ல் மூன்றில் ஒன்றானதற்கு, பெண்களைத் தேடிப்போய்க் கேட்டது ஒரு முக்கியக் காரணம் என்று படித்திருந்தோம்.

கடைசியாக, அழைப்பு. ‘லே’ கூடாது என்றோம். கலகம் வெடித்தது. “திருநெல்வேலிக்காரன் லே சொல்லாமல் எப்படி வாழ்வான்?” என்று ஒருவர் பத்து வரி எழுதினார், எனக்கே பாதி மனம் அவர் பக்கம்தான். கடைசியில், இருவர் ஒருவரை ஒருவர் அறிந்து சிரித்துப் பேசும்போது இருக்கட்டும், அடுத்தவர் பதிலை மறுக்கும்போது கூடாது என்று இறங்கி வந்தோம். ‘அண்ணாச்சி’யைத் தடுக்கவில்லை. இன்றும் கேட்கிறது. சிலர் ‘அக்காமாரே, அண்ணாச்சிமாரே’ என்கிறார்கள். சிலர் நேராகக் கேள்விக்கு வந்துவிடுகிறார்கள்.

என்ன ஆயிற்று

முதல் மூன்று மாதத்தில் 43 பேர் வெளியேறினார்கள். சிலர் சொல்லிவிட்டுப் போனார்கள்: “பேசப் பயமாக இருக்கிறது.” நெட்வொர்க் பகுதி ஓராண்டு தள்ளாடியது. மேலப்பாளையத்தில் சிசிடிவி வேலை செய்யும் ஒருவரும், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் இப்போது பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் போனவர் அளவுக்கு ஆழமான பதில் இன்றும் கிடைப்பதில்லை. அந்த இழப்பை இழப்பு என்றே பதிகிறேன்.

2023 ஜூலையில் அதே கணக்கை எடுத்தோம். பெண் பெயரில் 27 கேள்விகள். பதில் இல்லாதவை 3. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, பெண்கள் சொன்ன பதில்கள். முந்திய ஆண்டில் நான்கு, இப்போது 22. அண்ணன், கணவர் கணக்கில் கேட்ட நால்வரில் இருவர் சொந்தக் கணக்குக்கு வந்துவிட்டார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. நெல்லை ரயில் சந்திப்புப் பகுதியிலும், கீழே தூத்துக்குடி மாவட்ட ஊர்களிலும் கடைகளுக்குள் தண்ணீர். கரண்டும் சிக்னலும் திரும்பியதும் குழுவில் ஒரே கேள்வி: நனைந்த கணினியை என்ன செய்வது? அக்கா அன்று திரும்பி வந்தார், தன் எண்ணில், தன் பெயரில். “உலர்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகக் கூட ஆன் செய்யாதீர்கள். சேறு உலர்ந்தாலும் பலகையில் இருக்கும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தனியே வையுங்கள். கணினி போனால் வாங்கலாம், வாடிக்கையாளர் கோப்பு அதில்தான் இருக்கிறது” என்று எழுதினார். கீழே ஒருவர், “அவர் சொல்வதைக் கேளுங்கள்” என்று சேர்த்திருந்தார். அவர்தான் முந்திய ஆண்டு ‘அந்தப் பிள்ளை சொல்கிறது’ என்று எழுதியவர்.

அதன் பிறகு அவர் மாதம் ஒன்றிரண்டு முறை வருகிறார். முன்பு வந்த அளவுக்குக் கூட இல்லை. நிர்வாகியாக வரச் சொல்லிக் கேட்டோம். கடையே போதும் என்றுவிட்டார்.

மறுபடி செய்வதானால்

போன் முதலில் தம்பிக்குப் போகாது. சந்திப்பில் யார் பேசப் போகிறார் என்று பேசுபவரையே கேட்டு, அவர் சொன்னபடி முன்கூட்டி அறிவித்திருப்பேன். அப்போது தவறான நாற்காலியில் தவறான ஆளை உட்கார வைத்திருக்க மாட்டோம். தனிச்செய்தி விதி, ஒருவர் போன பிறகு வந்தது. குழு தொடங்கிய அன்றே இருந்திருக்க வேண்டும். தொல்லை வந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள் என்ற ஒற்றை வரியையும் அன்றே பொருத்தியிருக்க வேண்டும். தனிக் குழு தொடங்கும் முன் அந்த 11 பேரிடம் அது வேண்டுமா என்று கேட்டிருக்க வேண்டும். விரிவுரையாளர் அவர்களிடம் எல்லாம் கேட்டார், நாங்கள் அதை மட்டும் கேட்கச் சொல்லவில்லை.

பெண் பெயரை வைத்து எண்ணும் எங்கள் முறையும் ஓட்டை. இந்தக் கட்டுரையின் எண்களை அந்த அளவுக்கே நம்புங்கள்.

வரைவை அக்காவுக்கு அனுப்பியபோது ஒரே ஓர் இடத்தைத் திருத்தச் சொன்னார். ‘பெண் என்று தெரிந்தால் தொல்லை வரும் என அஞ்சித் தம்பியின் எண்ணில் ஒளிந்திருந்தார்’ என்று எழுதியிருந்தேன். அப்படி இல்லையாம். கடை எண் ஊரில் பாதிப் பேரின் போனில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்ணில் டெலிகிராமில் சேர்ந்தால் அத்தனை பேருக்கும் அறிவிப்பு போகும். ராத்திரி பத்து மணிக்கு ‘சாதிச் சான்றிதழ் வந்துவிட்டதா’ என்று கேட்பார்கள். தம்பியிடம் உபரியாக ஒரு சிம் இருந்தது, வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். அந்த வரியை எடுத்துவிட்டேன்.